காட்டுத்தீ எரியும் இடத்தில் ட்ரோன் வேண்டாம்

போன வாரம் மறுபடியும் அதே கதை. மலைச்சரிவில் தீ ஏறிக்கொண்டிருக்கிறது. ஹெலிகாப்டரில் தொங்கும் பக்கெட் நிறையத் தண்ணீர் மொண்டு திரும்புகிறோம். வயர்லெஸ்ஸில் குரல்: "ட்ரோன் தெரிகிறது, எல்லோரும் விலகுங்கள்." அவ்வளவுதான், எல்லா ஹெலிகாப்டரும் இறங்கியாக வேண்டும். கீழே தீயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ட்ரோன்காரர் வீடியோ எடுக்க வந்தவராம்!

"கையளவு பொருள், அது என்ன செய்துவிடும்?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீயின்போது, சிஎல்-415 என்ற தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஒரு சின்ன ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானி பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார். ஆனால் 12 விநாடியில் சுமார் 6,000 லிட்டர் மொள்ளக்கூடிய விமானம், ஊர் எரியும் நேரத்தில் பழுதுபார்க்க ஒதுங்கி நின்றது.

எடையை மட்டும் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள். அந்த விமானம் தண்ணீர் கொட்ட வரும்போதே மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. பறவை மோதினாலே விமானம் சேதமாகும்; ட்ரோனில் இருப்பதோ மோட்டாரும் பேட்டரியும். இறக்கையில் பட்டால் ஓட்டை. ஹெலிகாப்டரின் வால் விசிறியில் பட்டால் அதில் இருப்பவர்களின் உயிரே போகலாம்.

"நான் தாழ்வாகத்தானே விட்டேன்" என்பது அடுத்தது. சிக்கலே அதுதான். பல நாடுகளில் ட்ரோனுக்கு அனுமதி சுமார் 120 மீட்டர் வரை. நாங்கள் தண்ணீர் கொட்டுவதும் அந்த உயரத்துக்குள்தான். புகைக்குள் ட்ரோன் எங்கள் கண்ணுக்கும் தெரியாது, மோதல் எச்சரிக்கைக் கருவிக்கும் தெரியாது.

தீயணைக்கும் இடத்தில் கவனிக்க வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமானம் தண்ணீர் மொள்ளும் ஏரியில் படகை ஓரம் கட்டுங்கள். தண்ணீர் கொட்டும் இடத்துக்கு அடியில் நிற்காதீர்கள்; டன் கணக்கில் விழும் தண்ணீர் மரக்கிளையை முறித்துவிடும். இறங்கிய ஹெலிகாப்டரிடம் விமானி கைகாட்டாமல் போகவே கூடாது. போவதானால் அவர் கண்ணில் படும்படி, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து, குனிந்து போங்கள். வால் பக்கம் தலை வைக்காதீர்கள்.

அப்புறம், தீ தெரிந்தால் ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், தயவுசெய்து. ஏற்கெனவே மேலே இருக்கும்போது விமானச் சத்தம் கேட்டால், இருக்கும் இடத்திலேயே நேராகக் கீழே இறக்குங்கள். 'வீட்டுக்குத் திரும்பு' பட்டனை அழுத்த வேண்டாம். பல ட்ரோன்கள் முதலில் மேலே ஏறிவிட்டுத்தான் திரும்பும்.