எஸ்.எஸ்.டி.க்குள் எலக்ட்ரான் எப்படிப் போகிறது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகள் பாளையங்கோட்டையில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்புக்கு 35,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் மூன்று காட்டினார்களாம். 1 டிபி ஹார்டு டிஸ்க் போட்ட செகண்ட் ஹேண்ட் ஒன்று, 64 ஜிபி இஎம்எம்சி போட்ட மலிவான புதுசு ஒன்று, 512 ஜிபி எஸ்.எஸ்.டி. (தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தகவலைச் சேமிக்கிற டிரைவ்) போட்ட புதுசு ஒன்று. “அண்ணாச்சி, யோசிக்காம மூணாவதை எடுங்க” என்கிறான் கடைப் பையன். வாசகருக்குத் தயக்கம். “ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றுகிறது, காந்தமாகப் பதிகிறது என்று புரிகிறது. இதில் எதுவுமே சுற்றவில்லை. கரண்ட் போன பிறகும் எப்படி ஞாபகம் வைத்திருக்கும்? நம்பி வாங்கலாமா?” என்று கேட்கிறார்.

வாங்கலாம். பையன் சொன்னது சரிதான். கடைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஆனால் ‘எப்படி ஞாபகம் வைத்திருக்கும்’ என்ற கேள்வியை அப்படியே விட்டுப்போக எனக்கு மனசு வரவில்லை.

வேக விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். வேண்டிய தகவல், தட்டைப் படிக்கிற ஊசிமுனைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகர்கிற நேரத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு துண்டுக்கும் 10 மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் நகர எதுவும் இல்லை என்பதால் அதே வேலை சுமார் 0.1 மில்லி விநாடியில் முடிகிறது. வித்தியாசம் நூறு மடங்கு. பழைய லேப்டாப்பில் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான், பிராசஸர் அல்ல.

சரி, இப்போது எலக்ட்ரானுக்கு வருவோம்.

எஸ்.எஸ்.டி. சிப்புக்குள் இருப்பவை கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தை ஓட விடவும் நிறுத்தவும் செய்கிற குட்டி சுவிட்சுகள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த டிரான்சிஸ்டரோடு கூடுதலாக ஒரே ஒரு சங்கதி உண்டு. அதன் நடுவில், எந்தக் கம்பியோடும் இணைப்பில்லாத ஒரு சின்ன அடுக்கு இருக்கிறது. சுற்றிலும் சிலிக்கான் டை ஆக்சைடு போன்ற மின்கடத்தாப் பொருள். தாமிரபரணி மணலில் மினுங்குகிற குவார்ட்ஸும் இதே சேர்மம்தான். 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சே என்ற இருவர் இந்த அமைப்பை முன்வைத்தார்கள். அந்த அடுக்கில் எலக்ட்ரான் சேர்ந்திருந்தால் டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடத் தயங்கும், இல்லாவிட்டால் எளிதாக ஓடும். ஓடினால் 1, ஓடாவிட்டால் 0. அதாவது, காலியாகக் கிடக்கிற எஸ்.எஸ்.டி. முழுவதும் 1-ஆகவே நிறைந்திருக்கிறது.

சுற்றிலும் மின்கடத்தாப் பொருள் என்றால், எலக்ட்ரான் அதற்குள் போனது எப்படி? வழியே இல்லாத இடத்துக்குள் அது போகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இதுதான்.

அந்த ஆக்சைடு அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 7, 8 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தாண்ட எலக்ட்ரானுக்கு 3 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று அதிகமான ஆற்றல் தேவை. சாதாரண அறை வெப்பத்தில் அதனிடம் இருப்பது அதில் நூறில் ஒரு பங்குதான். ஏறிக் குதிக்க வாய்ப்பே இல்லை. ஆனால் எலக்ட்ரான் வெறும் துகள் அல்ல, அலையாகவும் நடந்துகொள்ளும். தடையின் முகப்புக்கு வந்ததும் அந்த அலை சட்டென்று பூஜ்யமாகிவிடுவதில்லை. உள்ளே போகப் போகத் தேயும். தடை போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், அடுத்த பக்கத்திலும் அலையில் துளி மிச்சமிருக்கும். அந்தத் துளி அளவுக்கு, எலக்ட்ரான் அந்தப் பக்கம் இருப்பதற்கு வாய்ப்பும் உண்டு. இதைத்தான் குவாண்டம் ஊடுருவல் என்கிறோம்.

தேய்கிற வேகம் பயங்கரமானது. தடிமனைப் பாதியாக்கினால் வாய்ப்பு இரண்டு மடங்காவதில்லை, கோடானுகோடி மடங்காகிறது. முழு 8 நானோமீட்டர் தடையை எலக்ட்ரான் நடைமுறையில் ஊடுருவாது. அதனால்தான் கரண்ட் இல்லாமலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது. எழுத வேண்டிய நேரத்தில் சிப் ஒரு காரியம் செய்கிறது. தனக்கு வருகிற சில வோல்ட்டைத் தனக்குள்ளேயே 20 வோல்ட் அளவுக்கு உயர்த்தி மேல்பக்கம் கொடுக்கிறது. ஆக்சைடின் குறுக்கே நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் மின்புலம் உண்டாகிறது. தடையின் மேல்விளிம்பு அப்படியே சரிந்துவிடும். உயரம் 3 எலக்ட்ரான்வோல்ட், சரிவு நானோமீட்டருக்கு 1 என்றால், 3 நானோமீட்டர் உள்ளே போனதுமே அங்கே எலக்ட்ரானை மறிக்க எதுவும் இல்லை. ஆக்சைடு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, ஓர் அணுகூட நகரவில்லை. எலக்ட்ரானுக்கு மட்டும் அது மூன்று நானோமீட்டர் தடை. சாரைசாரையாகப் போகின்றன. வோல்ட்டை நிறுத்திய கணம் தடை பழைய 8 நானோமீட்டராகிவிடுகிறது. போனவை மாட்டிக்கொண்டன.

இதற்கான கணக்கை 1928-லேயே ஃபௌலர், நார்தெய்ம் என்ற இருவர் போட்டுவிட்டார்கள். உலோகத்திலிருந்து மின்புலத்தால் எலக்ட்ரானை இழுத்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. கம்ப்யூட்டரே இல்லாத காலம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கேம்பிரிட்ஜ் போன நம்ம வானியற்பியல் மேதை சந்திரசேகருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் இதே ஃபௌலர்தான். 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இந்த ஊடுருவலை வைத்து ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். இன்றைய எஸ்.எஸ்.டி.களில் இருக்கும் நேண்ட் வகை 1987-ல் வெளியானது. உரிய பங்கு கேட்டு அவர் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட வேண்டியிருந்தது. 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னில் சமரசம். “இந்த ஆராய்ச்சியால் உடனடிப் பயன் என்ன?” என்ற கேள்வியை 1928-ல் யாராவது கேட்டிருந்தால் ஃபௌலரால் பதில் சொல்லியிருக்க முடியாது. நம் நாட்டில் ஆராய்ச்சிக்கான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் தவறாமல் கேட்கிறோம்.

கடையில் கேட்கிற டிஎல்சி, க்யூஎல்சி எல்லாம், உள்ளே மாட்டிய எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு இருக்கிறது என்று எத்தனை படியாகப் பிரித்துப் பார்க்கிறோம் என்பதுதான். குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குள் ஆற்று வெள்ளம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டால், போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடலாம். மண்டபத் தூணில் எட்டுக் கோடு போட்டு, எந்தக் கோடு வரை என்று கேட்டால் நின்று பார்க்க வேண்டும். பதினாறு கோடு போட்டால் அலை அடித்தாலே கணக்கு தப்பும். டிஎல்சி எட்டுக் கோடு, ஒரு செல்லில் (அதாவது அந்த ஒரு டிரான்சிஸ்டரில்) 3 பிட். க்யூஎல்சி பதினாறு கோடு, 4 பிட். ஒரே இடத்தில் நிறைய அடைப்பதால் விலை குறைகிறது, எழுதுகிற வேகமும் ஆயுளும் கூடவே குறைகின்றன.

ஆயுளா? ஆமாம். ஒவ்வொரு முறை எலக்ட்ரான் ஊடுருவும்போதும் ஆக்சைடு கொஞ்சம் பழுதாகிறது. டிஎல்சி செல் சுமார் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். பயப்பட வேண்டாம். எல்லாச் செல்லும் சமமாகத் தேயும்படி எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கன்ட்ரோலர் வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறது. 500 ஜிபி டிஎல்சி எஸ்.எஸ்.டி.யில் மொத்தம் 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிற தயாரிப்புகள் உண்டு. தினம் 20 ஜிபி எழுதினாலும் அது 40 வருஷத்துக்கு மேல் வரும். பி.காம். மூன்று வருஷம்தான்.

ரேமை 8 ஜிபிக்குக் கீழே எடுக்காதீர்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. ரேம் போதாவிட்டால் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யிலேயே எழுதி எழுதி அழிக்கும். மெதுவாகவும் ஆகும், தேயவும் செய்யும். எஸ்.எஸ்.டி.யையும் தொண்டை வரை நிரப்ப வேண்டாம். அழிப்பதைப் பெரிய தொகுதியாகத்தான் செய்ய முடியும் என்பதால், அதற்குள் இருப்பதை நகர்த்தி வைக்க இடம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருந்தால் நல்லது. 512 என்று சொல்லிவிட்டு 476 ஜிபிதானே காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்கும் போகாதீர்கள். கம்பெனி பத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் இரண்டின் மடங்கில் எண்ணுகிறது. இரண்டும் ஒரே இடம்தான்.

இஎம்எம்சியும் ஃபிளாஷ்தான், ஆனால் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. வேகம் குறைவு, மாற்றவும் முடியாது. 64 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்த பிறகு பிள்ளைக்கு மிஞ்சுவது சொற்பம். வாங்குமுன் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் மாடல் பெயரைப் போனில் தேடினால் ஜாதகம் வந்துவிடும். எஸ்.எஸ்.டி.யைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற முறைகளில் வேகமானதான என்விஎம்இ கிடைத்தால் நல்லது. பழைய முறையான சாட்டாவாக இருந்தாலும் படிப்பு வேலைக்கு வித்தியாசம் தெரியாது.

காந்தம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று இன்னமும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் பதிவது எலக்ட்ரான், காந்தம் அல்ல. பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். சூட்டில் கசிவு கூடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் காருக்குள் லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதை நான் தடுக்கவில்லை, மூடிமேல் வையுங்கள். காற்றுத் துவாரத்தில் அப்பினால் எந்த நல்ல நேரத்தில் வாங்கியிருந்தாலும் சூடாகத்தான் செய்யும்.

1 டிபி இடத்தை விட மனசில்லை என்றால், கல்யாண வீடியோவுக்கெல்லாம் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிப் பீரோவில் வைக்கலாம். எலக்ட்ரான் மிக மெதுவாகக் கசியத்தான் செய்யும் என்பதால், வருஷக்கணக்கில் கரண்ட் காட்டாமல் கிடக்கிற வேலைக்கு எஸ்.எஸ்.டி. தோதுப்படாது. அப்புறம், 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மூத்த பிள்ளை வாங்கிய லேப்டாப் பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தலாம். புது லேப்டாப் விலையோடு பார்த்தால் சின்னத் தொகைதான். பாட்டரி செத்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.