மால்டோவன் என்ற பெயர் மால்டோவாவில் ஏன் குறைவு?

லண்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "எங்கள் அலுவலகத்தில் மால்டோவன் என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் இருக்கிறார். மால்டோவா நாட்டுக்காரர் என்றே நினைத்திருந்தேன். விசாரித்தால் ருமேனியா என்கிறார். அதிலும் மால்டோவா எல்லைப் பக்கம்கூட இல்லை, மேற்கே க்ளூஜ். அவர் வீட்டில் யாரும் மால்டோவாவுக்குப் போனதே இல்லையாம். அப்புறம் இந்தப் பெயர் எப்படி வந்தது?"

கால்பந்து ரசிகர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1998 உலகக் கோப்பையில் துலூஸ் நகரில் ருமேனியா இங்கிலாந்தை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் முதல் கோல் அடித்தவர் வியோரெல் மால்டோவன். அவர் பிறந்தது பிஸ்ட்ரிட்சா. க்ளூஜைப் போல அதுவும் ருமேனியாவின் வடமேற்கே உள்ள டிரான்சில்வேனியாதான். இந்தப் பெயர் நெருக்கமாகக் காணப்படும் க்ளூஜ், மூரெஷ், பிஸ்ட்ரிட்சா மாவட்டங்கள் எல்லாமே கார்பேத்தியன் மலைக்கு மேற்கே இருக்கின்றன. மால்டோவா என்று அழைக்கப்பட்ட பழைய சிற்றரசோ மலைக்குக் கிழக்கே இருந்தது.

வரைபடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மால்டோவா, கார்பேத்தியன் மலையிலிருந்து நீஸ்டர் ஆறு வரை பரந்திருந்தது. 1812இல் அதன் கிழக்குப் பாதியான பெசராபியாவை ரஷ்யப் பேரரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பாதியின் பெரும்பகுதிதான் 1991இல் மால்டோவா குடியரசு என்ற தனி நாடானது. மேற்குப் பாதி இன்றும் ருமேனியாவுக்குள் இருக்கிறது. டிரான்சில்வேனியா 1918 வரை ஹங்கேரி, ஹாப்ஸ்பர்க் (ஆஸ்திரிய அரச குடும்பம்) ஆட்சியில் இருந்த நிலம். ஆக, மலைக்கு இரு பக்கமும் ருமேனியர்கள் பேசிய மொழி ஒன்று, ஆண்ட அரசுகள் வேறு. மக்களுக்கு மலை ஒரு தடையாக இருந்ததில்லை. ஆடு மேய்ப்பவர்கள் பருவத்துக்குப் பருவம் கடந்தார்கள். வரிச்சுமைக்கும் போருக்கும் பயந்து கிழக்கிலிருந்து மேற்கே வந்தார்கள். பண்ணையடிமை முறைக்குப் பயந்து மேற்கிலிருந்து கிழக்கே போனார்கள். 15ஆம் நூற்றாண்டில் மால்டோவா மன்னர் ஸ்டெஃபானுக்கே டிரான்சில்வேனியாவில் கோட்டையும் கிராமங்களும் சொந்தமாக இருந்தன.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு ஊரில் ஒருவருக்குப் பெயர் எதற்காக வைக்கிறோம்? மற்றவர்களிடமிருந்து பிரித்துச் சொல்ல. மதுரையில் யாரையும் "மதுரைக்காரர்" என்று கூப்பிடுவதில்லை. அதே ஆள் கோயம்புத்தூரில் கடை வைத்தால், தெருவே அவரை மதுரைக்காரர் என்கிறது. ஊரை விட்டு வந்தவருக்குத்தான் ஊர் பெயராகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதை எண்ணாக எழுதிக் காட்ட முடியும் என்பதுதான் அழகு. அதற்கான கணிதத்தை 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கொடுத்தார்.

200 வீடுகள் உள்ள ஒரு டிரான்சில்வேனியக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வீட்டை ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளால் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் மீதியைப் பாதியாக்கும். 200, 100, 50, 25 என்று குறைத்துக்கொண்டே போனால் ஏழெட்டுக் கேள்வி ஆகும். இப்படி ஒரு கேள்வியின் பதில் தருவதுதான் ஒரு பிட் தகவல். துல்லியமாகச் சொன்னால் இங்கே 7.6 பிட். அந்த ஊரில் கிழக்கிலிருந்து வந்த குடும்பம் ஒன்றே ஒன்று என்றால், "மால்டோவன்" என்ற ஒரு சொல்லிலேயே அந்த 7.6 பிட்டும் அடங்கிவிடுகிறது. ஏழெட்டுக் கேள்வி மிச்சம். இப்போது அதே சொல்லை மால்டோவாவின் நடுவில் உள்ள ஒரு கிராமத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே 200 வீடும் மால்டோவன்தான். அந்தச் சொல் தரும் தகவல் பூஜ்யம் பிட். யாரையும் அடையாளம் காட்டாத சொல்லை எந்த ஊரும் பெயராக வைத்துக்கொள்ளாது.

இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது? வந்த குடும்பம் பெருகி, உறவினரும் வந்து சேர்ந்து, பத்து வீடுகள் மால்டோவன் ஆகிவிட்டன என்று வையுங்கள். இப்போது அந்தப் பெயர் 200 வீட்டைப் பத்தாகத்தான், அதாவது இருபதில் ஒரு பங்காகத்தான் குறைக்கும். அது தருவது 4.3 பிட் மட்டுமே. அந்தப் பத்தில் எந்த வீடு என்று சொல்ல இன்னும் 3.3 பிட் தேவை. கூட்டிப் பாருங்கள், அதே 7.6 வருகிறது. இந்த 3.3 பிட்டை நிரப்ப ருமேனியக் கிராமங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு "பொரெக்லா" என்று பெயர், நம் பட்டப்பெயர் மாதிரி. பாட்டி பெயர், செய்யும் தொழில், நொண்டிக்கால், சிவந்த முடி, எதுவும் பொரெக்லா ஆகலாம். அது அரசுப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆனால் குடும்பப் பெயர் தேய்ந்துபோன இடத்தில் அடையாளம் காட்டும் வேலையைச் செய்வது அதுதான்.

ஆகவே இடப்பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர், அந்த இடத்தில் மெலிந்தும் அதைச் சுற்றி அடர்ந்தும் இருக்கும். ருமேனியாவுக்கு மட்டுமான விதியல்ல இது. ஹங்கேரியில் மிகப் பரவலான பெயர்களில் ஹோர்வாத் என்பது குரோவேஷியரையும், நேமெத் என்பது ஜெர்மானியரையும் குறிக்கும். அயர்லாந்தில் எங்கு பார்த்தாலும் வால்ஷ். வேல்ஸிலிருந்து வந்தவர் என்று பொருள்.

இதே மலையைத் தாண்டி எதிர்த்திசையில் போன பெயரும் இருக்கிறது. உங்குரியானு என்ற பெயர் ருமேனியாவின் மால்டோவா பகுதியில் மிகச் சாதாரணம். "ஹங்கேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்" என்று அர்த்தம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஹங்கேரியர் அல்லர். ஹங்கேரியின் ஆட்சியில் இருந்த டிரான்சில்வேனியாவைவிட்டு வந்த ருமேனியர்கள். 1761-62இல் ஹாப்ஸ்பர்க் படைத் தளபதி ஜெனரல் புகோவ் டிரான்சில்வேனியாவின் ஆர்த்தடாக்ஸ் மடங்களைப் பீரங்கி வைத்து இடித்தபோது மலை தாண்டியவர்கள் ஏராளம். மேற்கே மால்டோவன், கிழக்கே உங்குரியானு என்று இரண்டையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், எந்த வரலாற்று நூலும் இல்லாமலே மலையின் இருபுறமும் நடந்த போக்குவரத்து தெரிந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம், பெயரின் வால். மலைக்குத் தெற்கேயும் கிழக்கேயும் இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் "உ" என்று முடியும்: மால்டோவியானு, முந்தியானு, ஒல்தியானு. லத்தீனிலிருந்து வந்த சுட்டுச்சொல், பெயரோடு ஒட்டிப்போன மிச்சம் அது. டிரான்சில்வேனியாவில் அந்த "உ" இல்லாமல் மால்டோவன், முந்தியான், ஒல்தியான். எனவே மால்டோவன் என்றால் மேற்கே போன கிளை என்றும், மால்டோவியானு என்றால் ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியாவுக்குப் போன கிளை என்றும் ஓரளவு துணிந்து சொல்லலாம்.

சரி, அந்தத் தலைமுறையோடு முடிந்திருக்க வேண்டிய அடையாளம் இன்றுவரை ஏன் நீடிக்கிறது? அரசாங்கங்களால்தான். வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் நிலையான பெயர் வேண்டும். ஹாப்ஸ்பர்க் ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆணை மேல் ஆணை போட்டுக் குடும்பப் பெயரை நிலைப்படுத்தியது. ருமேனிய அரசு 1895இல் பெயர்ச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்தர் பேனாவை எடுத்த அன்று ஊரார் எப்படிக் கூப்பிட்டார்களோ, அதுவே பேரன் பேத்திகளுக்கும் பெயராகிவிட்டது. தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறும் நம் வழக்கத்தில் இப்படி ஒரு உறைநிலை இல்லை. அதனால் இந்த வகை ஆராய்ச்சியைத் தமிழ்ப் பெயர்களை வைத்துச் செய்வது கடினம்.

உறைந்த பெயர் கடல் கடந்ததும் ஒரே அலையில் அல்ல. 1890களிலிருந்து முதல் உலகப் போர் வரை அமெரிக்கா போன ருமேனியர்களில் பெரும்பான்மையோர் டிரான்சில்வேனியா, பனாத், புகோவினா பகுதிக்காரர்கள். க்ளீவ்லாந்து, யங்ஸ்டவுன் போன்ற ஒஹாயோ மாநில எஃகு நகரங்களில் குவிந்தார்கள். "மியா ஷி ட்ரூமுல்" என்பது அவர்கள் வாய்ச்சொல். ஆயிரம் டாலரும் திரும்பிவரும் செலவும் சேர்ந்தால் போதும், ஊருக்கு வந்து நிலம் வாங்கலாம் என்று கணக்கு. பலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே தங்கினார்கள். அன்று டிரான்சில்வேனியா, பனாத் பகுதிக்காரர்கள் ஹங்கேரிக் குடிமக்கள். அதனால் கப்பல் பட்டியலில் நாடு ஹங்கேரி என்றும், பெயர் ஹங்கேரிய எழுத்துமுறைப்படி கடைசி "அ"வின் மேல் சாய்கோட்டோடும் இருக்கும். எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் வந்தவர்களின் பெயரை மாற்றினார்கள் என்ற கதை அமெரிக்கக் குடும்பங்களில் இன்றும் உலவுகிறது. அது உண்மையல்ல. பட்டியல் கப்பல் ஏறிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவில் இருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

கிழக்கேயும் ஒரு அலை போயிருக்கிறது. நீஸ்டர் ஆற்றைத் தாண்டி உக்ரைனின் தெற்கே குடியேறியவர்களை அங்குள்ளவர்கள் மால்டோவன் என்றார்கள். ஒடேசா நகரின் மால்டவான்கா பேட்டை பெயர் பெற்றதும் அப்படித்தான். இந்தக் கிளைக்கும் டிரான்சில்வேனியக் கிளைக்கும் தொடர்பில்லை. ஆனால் சிரிலிக் எழுத்தில் இருந்த உக்ரேனியப் பெயரை லத்தீன் எழுத்துக்கு மாற்றியதும் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன.

பெரிய அலை நம் காலத்தில்தான் வந்தது. 2002இல் ருமேனியர்களுக்கு ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) விசா தேவையில்லை என்றானது. 2007இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. இன்று இத்தாலியில் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ருமேனியர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள வெளிநாட்டவரில் அவர்களே முதலிடம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ருமேனியாவில் பிறந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 80,000 பேர். 2021இல் சுமார் 5,39,000 பேர். மால்டோவா குடியரசிலிருந்தும் நிறையப் பேர் இத்தாலி போனார்கள். ஆனால் அவர்களிடையே அடிக்கடி பார்க்கும் பெயர்கள் ரூசு, சியோபானு, செபான் போன்றவை. நாட்டின் பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கியவர்கள் முன்வரிசையில் இல்லை. பூஜ்யம் பிட் கணக்கு அங்கேயும் பொருந்துகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயரை வைத்து வம்சச் சின்னம், "மால்டோவன் குலத்தின் வரலாறு" என்று ஃப்ரேம் போட்டு விற்கும் வியாபாரம் இணையத்தில் கொடிகட்டிப் பறக்கிறது. நூற்றுக்கணக்கான கிராமங்களில் தனித்தனியாகப் பிறந்த பெயருக்கு ஒரே குலம் எப்படி இருக்க முடியும்? பிரிட்டனில் மரபியலாளர்கள் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். அரிய பெயர்க்காரர்களுக்குப் பொது மூதாதையர் தெரிந்தார். ஸ்மித் போன்ற பரவலான பெயர்க்காரர்கள், யாரோ எவரோ போலவே சிதறிக்கிடந்தார்கள். மால்டோவனும் ஸ்மித் வகைதான்.

இனத்தையும் இந்தப் பெயர் சொல்லாது. 1993இல் மூரெஷ் மாவட்டத்தின் ஹதரேனி கிராமத்தில் ரோமா என்னும் சிறுபான்மை இன மக்கள் மூவரைக் கும்பல் கொன்றது, அவர்களின் வீடுகளை எரித்தது. அது தொடர்பாக ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2005இல் தந்த தீர்ப்பின் பெயர் "மால்டோவன் மற்றும் பிறர் எதிர் ருமேனியா". அங்கே மால்டோவன் என்பது ஒரு ரோமா குடும்பத்தின் பெயர். பெயரில் ரத்தத்தைத் தேடுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

எச்சிலைக் குழாயில் எடுத்து அனுப்பினால் பூர்வீகம் சொல்கிறோம் என்னும் நிறுவனங்களுக்குப் பணம் கொட்டுகிறது. திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளோ பல ஊர்களில் அலமாரியில் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. எந்தக் குடும்பம் எந்தக் காலத்தில் எந்த ஊரில் இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி அந்த ஏடுகள். அவற்றைப் படம் எடுத்துப் பட்டியலிட வேண்டும். அரசுகள் முதலில் நிதி தர வேண்டியது இதற்கு.

லத்தீன் எழுத்தில் ஒன்றாகிப்போன ருமேனிய, உக்ரேனியக் கிளைகளை வெளிநாட்டில் எப்படிப் பிரிப்பது என்ற சிக்கல் மிச்சம் இருக்கிறது. லண்டனில் வாக்காளர் பட்டியல் போன்றவற்றை வைத்துப் பெயர்ப் பரவலை ஆராய்பவர்கள், குடும்பப் பெயரைத் தனியாகப் பார்ப்பதில்லை. முதற்பெயரையும் சேர்த்தே பார்க்கிறார்கள். வசிலே, சிப்ரியான், யோவானா என்று முன்னால் இருந்தால் ருமேனியக் கிளை. செர்ஹி, ஒலெக்சாந்தர், ஒக்சானா என்றால் உக்ரேனியக் கிளை. முதற்பெயர் தரும் சில பிட் தகவல், குடும்பப் பெயர் விட்ட இடத்தை நிரப்புகிறது. ஆனால் இந்த உத்திக்கு ஆயுள் குறைவு. இத்தாலியில் பிறக்கும் ருமேனியக் குழந்தைகள் இப்போது மத்தேயோ, சோஃபியா. அங்கே பிறக்கும் உக்ரேனியக் குழந்தைகளுக்கும் அதே பெயர்கள் வருகின்றன. இரண்டாம் தலைமுறைப் பட்டியலில் இரு மால்டோவன்களையும் பிரிக்க வேண்டுமானால் பெற்றோர் பிறந்த ஊரைத்தான் கேட்டாக வேண்டும்.