பேன்ட் அளவு சொன்ன கதை

1950-களில் லண்டன் பஸ் ஊழியர்களுக்குச் சீருடையை நிர்வாகமே கொடுத்தது. யாருக்கு எந்த இடுப்பளவில் பேன்ட் கொடுத்தார்கள் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளருக்கு அந்தக் கணக்கு பெரும் புதையலாகப் பட்டது. 1953-லேயே அவருடைய குழு சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களை விட, மாடி பஸ்ஸில் ஓயாமல் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டியிருந்தது. 1956-ல் வந்த பேன்ட் கணக்கிலும் டிரைவர்களின் இடுப்பே பெரிதாக இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் எல்லாப் பழியையும் டிரைவர் சீட்டின் மேல் போட முடியாது. அந்த மனிதன் வேலைக்கு வருவதற்கு முன்பே அவன் உடம்பில் வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது.

அந்த ‘வேறு ஏதோ’வைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் சுமார் 28 சதவீதம். 2019-21-ல் 37 சதவீதம். நாலைந்து வருடத்தில் ஒரு மாநிலத்தின் மரபணு மாறிவிடாது. இத்தனை ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி குறைந்துபோனது என்பதையும் நான் நம்பவில்லை. மாறியிருப்பது அவர்களைச் சுற்றியுள்ள வாழ்க்கை.

பந்தியை நினைத்துப் பாருங்கள். “ஆம்பளப் பிள்ளை, நல்லா சாப்பிடு” என்று இலையில் இன்னொரு கரண்டி விழும். போதும் என்றால் பரிமாறுகிறவருக்கு மனம் சுருங்கும். வயிறு நிறைந்த பிறகும் சாப்பிடுவது அன்புக்குக் கொடுக்கும் மரியாதை என்று சிறு வயதிலேயே பழகிவிடுகிறோம். வயலில் உழுதவனுக்கு அந்தக் கூடுதல் கரண்டி தேவைப்பட்டது. இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்கும் அதே கரண்டிதான் விழுகிறது.

கூட்டமாகச் சாப்பிட்டால் அளவு கூடும் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பேச்சு நீள்கிறது, உட்கார்ந்திருக்கும் நேரம் நீள்கிறது, கை தட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 12,067 பேரின் 32 வருடப் பதிவுகளை அலசிய கிறிஸ்டாக்கிஸும் ஃபவுலரும் 2007-ல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. ஒருவருடைய நண்பர் உடல் பருமன் அடைந்தால், அவரும் பருமன் அடையும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியது. கணவன் மனைவிக்குள் அது 37 சதவீதம்தான். பருமன் நண்பரிடமிருந்து ‘ஒட்டிக்கொள்கிறதா’, அல்லது ஒரே மாதிரி ஆட்கள்தான் நண்பர்களாகச் சேர்கிறார்களா என்று இதன் மேல் விவாதம் நடந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. இருந்தாலும், எது சாதாரண உடம்பு என்ற அளவுகோலை நாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே வைத்துக்கொள்கிறோம் என்பதை மறுப்பது கடினம். நாலு நண்பர்களுக்கும் தொப்பை இருந்தால் அது தொப்பையாகவே தெரியாது. தன் எடையைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் பெண்களை விட ஆண்களிடம் அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

இனி மனசு. கடன், வேலை பறிபோகும் பயம், வீட்டுச் சண்டை என்று எது வந்தாலும் ஆண் வெளியே சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம். சொல்லாவிட்டாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பில் இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருப்பதால், கொழுப்பு அங்கேதான் சேர்கிறது. கூடவே இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் தேடும் ஆசை கிளம்புகிறது. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் மனசு ஆறுகிறது. அதனால் அடுத்த முறையும் கை அங்கேயே போகிறது. சிலருக்கு அந்த இடத்தில் மது. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அதை எரித்து முடிக்கும் வரை உடம்பு கொழுப்பை எரிப்பதைத் தள்ளிப்போடும். பக்கத்தில் வைத்துச் சாப்பிடும் சைடு டிஷ் அப்படியே சேமிப்புக்குப் போகும்.

தூக்கமும் இதில் சேரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். நிறையத் தூங்கிய இரவுகளோடு ஒப்பிட்டால், போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. இரவு ஷிப்ட் முடித்து விடிகாலையில் பரோட்டா கடையில் நிற்கும் இளைஞனைப் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கூட்டம் ஏற்றிய எடையைக் கூட்டத்தால் இறக்க முடியுமா? ஸ்காட்லாந்தில் முயன்றார்கள். எடை குறைப்பு வகுப்பு என்று அழைத்தால் ஆண்கள் வருவது அபூர்வம். அதனால் 13 தொழில்முறை கால்பந்து கிளப்புகளின் மைதானத்துக்கே அவர்களைக் கூப்பிட்டார்கள். 35 முதல் 65 வயது வரை, மொத்தம் 747 பேர். பாதிப் பேருக்கு உடனே பயிற்சி, மீதிப் பேர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வாரம் ஒன்றாக 12 வகுப்புகள். தாங்கள் உயிராய் நினைக்கும் கிளப்பின் மைதானத்தில், தங்களைப் போலவே வயிறு தள்ளிய மனிதர்களோடு கிண்டலும் கேலியுமாக நடந்தார்கள், சாப்பாட்டு அளவைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 5.56 கிலோ குறைந்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் 0.58 கிலோ. மூன்றரை வருடம் கழித்தும், பயிற்சி பெற்றவர்களின் எடை ஆரம்பித்த நாளில் இருந்ததை விட 2.9 கிலோ குறைவாகவே இருந்தது.