மிச்சம் வைத்துப் பூக்கும் செடிகள்

ஒரு தொட்டியில் காசித்தும்பை, பக்கத்துத் தொட்டியில் சாமந்தி. இரண்டும் பூத்து ஓய்ந்துவிட்டன. காசித்தும்பையின் காய்கள் தொட்டாலே வெடித்து விதையைச் சிதறடிக்கின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தச் செடி காய்ந்தே தீரும். சாமந்தியும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது: பழுப்பேறிய தண்டு, கருகிய இலை. ஆனால் அதன் தூரை லேசாகக் கிளறிப் பார்த்தால், மண்ணை ஒட்டி நகக்கண் அளவில் நாலைந்து பச்சைக் குருத்துகள் தெரியும். பலரும் இந்தக் கட்டத்தில்தான் ‘செடி செத்துப்போச்சு’ என்று தொட்டியைக் கவிழ்க்கிறார்கள்.

இரண்டில் ஒன்று மட்டும் ஏன் திரும்பி வருகிறது? பல்லாண்டுச் செடி வலிமையானது, ஓராண்டுச் செடி நோஞ்சான் என்று நினைக்கத் தோன்றும். வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வித்தியாசம் சிக்கனத்தில் இருக்கிறது. காசித்தும்பை தன்னிடம் உள்ளதையெல்லாம் விதையில் கொட்டிவிட்டுப் போகிறது. சாமந்தி தன் கண்களில் சிலவற்றைப் பூக்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. (கண் என்று நான் சொல்வது, கணுவிலும் கிழங்கிலும் முளைவிடக் காத்திருக்கும் குருத்து மொட்டை. பூமொட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தப் பிடித்துவைத்தல் எப்படி நடக்கிறது என்பதைக் கடுகுக் குடும்பத்துச் செடிகள் இரண்டில் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். அரபிடாப்சிஸ் என்பது ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான ஓராண்டுச் செடி. அதன் சில வகைகளில், பூப்பதைத் தடுக்கும் எஃப்.எல்.சி. என்ற மரபணு பிரேக் போலச் செயல்படுகிறது. நீண்ட குளிர் பட்டால் பிரேக் விடுபடும், செடி பூக்கும். விட்ட பிரேக் அந்தச் செடியின் ஆயுளில் மறுபடி விழாது. அடுத்த தலைமுறை விதையில்தான் விழும். இதன் உறவுக்காரச் செடியான அராபிஸ் ஆல்பினா மலைப்பகுதிகளில் வளரும் பல்லாண்டுச் செடி. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2009இல் அதை ஆராய்ந்தபோது, அதே மரபணு அங்கேயும் இருந்தது. ஆனால் குளிர் முடிந்து வெயில் வந்ததும் அது மறுபடி இயங்கத் தொடங்கியது! குளிரின்போது பூக்கத் தயாராகிவிட்ட கிளைகள் பூத்தன. தயாராகாத கிளைகள் பிரேக்கில் சிக்கி, இலைக்கிளைகளாகவே நின்று, அடுத்த ஆண்டுக்கு மிஞ்சின. அந்த மரபணு பழுதான செடிகளோ குளிருக்குக் காத்திராமல் ஓயாமல் பூத்துக்கொண்டிருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, 2008இல், பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் ஒன்று செய்து காட்டியிருந்தார்கள். ஓராண்டுச் செடியான அரபிடாப்சிஸில் பூக்கத் தூண்டும் இரண்டு மரபணுக்களைச் செயலிழக்க வைத்தார்கள். ஒரே பருவத்தில் மடிய வேண்டிய அந்தச் சுண்டைக்காய்ச் செடி தண்டு தடித்து, மரத்தன்மை ஏறி, பல்லாண்டுச் செடி போல நின்றது. ஆக ஓராண்டு, பல்லாண்டு என்பது இரண்டு சாதி அல்ல. எத்தனை கண்களைச் செலவழிப்பது, எத்தனையை ஒதுக்குவது என்ற கணக்கு மாறினாலே வாழ்க்கை முறை மாறிவிடுகிறது. குளிரே பார்க்காத வெப்ப நாட்டுச் செடிகளில் பிரேக்காக வேலைசெய்வது வேறாக இருக்கலாம். மிச்சம் வைப்பது மட்டும் பொது.

சரி, மிச்சம் எங்கே இருக்கிறது? தோட்டம் வைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை என்பேன். டென்மார்க்கின் தாவரவியலாளர் கிறிஸ்டன் ரௌங்கியர் 1900களின் தொடக்கத்தில் உலகத் தாவரங்களையெல்லாம் இந்த ஒரே கேள்வியால் வகைபிரித்தார்: கெட்ட காலத்தில் உன் கண் எங்கே ஒளிந்திருக்கிறது? தரைக்கு 25 செ.மீ.க்கு மேலே கிளையிலா, அதற்குக் கீழேயா, மண்ணின் மேற்பரப்பிலேயா, மண்ணுக்குள்ளேயா, அல்லது விதையில் மட்டும்தானா? பூவின் நிறம், இலையின் வடிவம் எதையும் அவர் கேட்கவில்லை.

ரோஜாவும் செம்பருத்தியும் கண்ணைக் கிளையில் வைத்திருப்பவை. சாமந்தி தூரில் வைத்திருக்கிறது. அதனால்தான் மூடாக்குப் போடும்போது தூரை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் விலக்கிப் போட வேண்டும். ஈர மூடாக்கு மேலேயே கிடந்தால் அங்குள்ள குருத்துகள் அழுகும். பியோனி இன்னும் கறார். கிழங்கின் கண்கள் ஐந்து செ.மீ.க்கும் ஆழமாகப் புதைந்துவிட்டால் இலையை மட்டும் தள்ளிக்கொண்டு பூக்காமல் நிற்கும். டாலியாவில் வேறொரு சிக்கல் உண்டு. கொழுத்த கிழங்கைப் பார்த்து வாங்கி நட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள், ஒன்றும் முளைக்காது. டாலியாக் கிழங்கு உண்மையில் பருத்த வேர். அதன் உடம்பில் கண்ணே கிடையாது. பழைய தண்டோடு அது சேரும் கழுத்துப் பகுதியில்தான் கண் இருக்கும். கழுத்து முறிந்த கிழங்கு, சாவி தொலைந்த பெட்டகம். கல்வாழையில் அந்தக் கவலை இல்லை, அதன் கிழங்கு தரைக்குள் படுத்திருக்கும் தண்டு என்பதால் கணுவுக்குக் கணு கண் உண்டு. செங்காந்தளின் கலப்பை வடிவக் கிழங்கிலோ முனையில்தான் முளை வரும். பிடுங்கும்போது முனையை உடைத்துவிட்டால் கிழங்கு எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை. (செங்காந்தள் முழுக்கக் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு. கிழங்கைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.)

இங்கே ஒரு வேடிக்கை. லில்லி, கிளாடியோலஸ் போன்றவற்றின் கிழங்கை மேலாக நட்டால் அது தானே கீழே இறங்கும். சுருங்கு வேர்கள் என்று தனியாகச் சில உண்டு. அவை மண்ணைப் பற்றிக்கொண்டு, தோல் மடிப்பு விழச் சுருங்கி, கிழங்கைக் கீழ்நோக்கி இழுக்கும். தோண்டி எடுத்த கிழங்கின் அடியில் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்த தடித்த வேரைக் கண்டால், அது இழுத்த வேலையின் அடையாளம்.

கண் இருந்தால் போதாது, அது விழிக்கும்போது தின்ன ஏதாவது வேண்டும். இலை வரும்வரை ஒளிச்சேர்க்கை இல்லையே! டாலியாவின் கையிருப்பு இனுலின் என்ற கார்போஹைட்ரேட். மற்றப் பலவற்றில் ஸ்டார்ச். இதைச் சம்பாதித்தது யார் என்று யோசித்தால், வீட்டுத் தோட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு பிடிபட்டுவிடும். அமரில்லிஸ் என்ற பெயரில் கிடைக்கும் ஹிப்பியாஸ்ட்ரம் குமிழை எடுத்துக்கொள்வோம். அது நான்கு இலைக்கு ஒரு பூங்கொத்து என்ற கணக்கில் உள்ளுக்குள் மொட்டுகளை அடுக்கி வைக்கிறது. குமிழைக் குறுக்கே பிளந்தால் வெங்காயச் செதில்களுக்கிடையே வெவ்வேறு வயதுள்ள குட்டிப் பூங்கொத்துகளைப் பார்க்கலாம். ஒரு கொத்து உருவாகி வெளியே பூக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். நீங்கள் இன்று ரசிக்கும் பூ போன ஆண்டு இலைகளின் சம்பாத்தியம். பூ முடிந்ததும் இலைகள் அலங்கோலமாகத் தொங்குகின்றன என்று வெட்டினால், அடுத்த ஆண்டின் பூவை வெட்டுகிறீர்கள். துலிப், நார்சிசஸ் போன்றவற்றுக்குப் பூ முடிந்து குறைந்தது 6 வாரம் இலைகளைத் தொடாமல் விடச் சொல்வது இதனால்தான். இலைகளை முடிச்சுப்போட்டு அழகுபடுத்துவதும் வேண்டாம், வெயில் படும் பரப்பு குறைந்துவிடும். பூத்தண்டை மட்டும் நறுக்கிவிடலாம். காய் பிடித்தால் கையிருப்புக்குப் போக வேண்டிய சர்க்கரையை விதை பிடுங்கிக்கொள்ளும்.

இலைகள் தானாக மஞ்சளித்துச் சாய்ந்த பிறகு தொடங்குவது உறக்கநிலை. இந்தக் காலத்தில் ‘பாவம், வாடிவிட்டதே’ என்று தண்ணீர் ஊற்றுவது அன்பின் பெயரால் செய்யும் கொலை. நானே ஒரு செங்காந்தளை இப்படிக் கொன்றிருக்கிறேன். கொடி காய்ந்த பின்னும் மூன்று வாரம் தினமும் ஊற்றினேன். கடைசியில் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு இருந்த இடத்தில் நாற்றமடிக்கும் கூழ்தான் இருந்தது. இலை இருக்கும்போது செடி தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விடும். இலை இல்லாதபோது ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே நிற்கும். மண் துளைகளில் காற்று போய்த் தண்ணீர் நிறையும், கிழங்கு மூச்சுத்திணறும், பூஞ்சை புகுந்துவிடும். வடிகால் துளை அடைத்த தொட்டியில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்தது கவாத்து. கத்தரிக்கோலை எடுக்கவே பயப்படுபவர்களுக்கு அதன் பின்னுள்ள அறிவியல் தைரியம் தரும். கிளையின் நுனிக்குருத்து இருக்கும்வரை கீழே உள்ள கண்கள் தூங்கும். நுனியை வெட்டினால் விழிக்கும். 1930களில் கென்னத் திமானும் ஃபோல்கே ஸ்கூக்கும் வெட்டிய நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தடவிப் பார்த்தார்கள். நுனி இல்லாவிட்டாலும் கண்கள் தூங்கிக்கொண்டே இருந்தன. அதோடு கதை முடிந்ததாகத்தான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லின. முடியவில்லை. தண்டு வழியே இறங்கும் ஆக்சின் கண்ணுக்குள் போவதே இல்லை. பின் எப்படி அடக்குகிறது? 2008இல் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோன் கிளைவிடுவதைத் தடுப்பது தெரியவந்தது. பயிர்களின் வேரில் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியின் விதையை முளைக்கத் தூண்டும் பொருளாக 1966இலிருந்தே அறிமுகமான குடும்பம் அது. 2014இல் பட்டாணிச் செடியில் இன்னொரு திருப்பம். ஆக்சின் தண்டில் மணிக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் நகரும். ஆனால் நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்த சேதி வந்து சேருமுன்பே அடிக்கண்கள் பருக்கத் தொடங்கிவிட்டன. அவற்றை எழுப்பியது சர்க்கரை. பெரும்பங்கைத் தின்றுகொண்டிருந்த நுனி போனதும் மிஞ்சிய சர்க்கரை கண்களுக்குப் பாய்ந்திருக்கிறது. அதன் பிறகுதான் ஹார்மோன்களின் வேலை.

ஆகவே நல்ல இலைகளும் கையிருப்பும் உள்ள செடியை வெட்டினால் கிளை வெடிக்கும். பட்டினி கிடக்கும் செடியை வெட்டினால் சும்மா நிற்கும். எப்போது வெட்டுவது என்பது பூ எந்தக் கிளையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. மல்லிகையும் இன்றைய ரோஜா வகைகளில் பெரும்பாலானவையும் புதுத் தளிரில் பூப்பவை, பூத்து முடிந்ததும் தாராளமாக வெட்டலாம். பெரிய இலை ஹைட்ரேஞ்சியா பெரும்பாலும் போன ஆண்டுக் கிளையில் முன்கூட்டியே மொட்டு வைத்துவிடும். அதைக் குளிர்காலத்தில் ஒழுங்காக வெட்டிச் சீராக்கியவர் அடுத்த பருவத்தில் பச்சைப் புதரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உரம் பற்றிச் சுருக்கமாக: தழைச்சத்து கூடினால் இலை கூடும், பூ தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

சாமந்திக்குத் திரும்பினால், அது பூக்காததற்குப் பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: வாசல் விளக்கு. 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் ஆலார்டும், சில செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்று காட்டினார்கள். 1938இல் செடி அளப்பது உண்மையில் இரவை என்பது தெரிந்தது. நீண்ட இருட்டின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலே கணக்குக் குழம்பிவிடும். சாமந்தி நீண்ட இரவை எதிர்பார்க்கும் செடி. பூவைத் தள்ளிப்போட விரும்பும் வணிகப் பண்ணைகள் வேண்டுமென்றே நள்ளிரவில் விளக்குப் போடுகின்றன. ரஷ்யாவில் மிகயீல் சைலாக்கியன் 1930களில் இதே சாமந்தியின் உச்சி இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவு காட்டினார். இலையே இல்லாத உச்சி பூத்தது. இலை அளக்கிறது, சேதி ஏறுகிறது. அந்தச் சேதிக்கு அவர் ஃப்ளோரிஜென் என்று பெயர் வைத்தார். அது எஃப்.டி. என்ற புரதம் என்பது உறுதியாக 2007 வரை ஆனது.

மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துச் சாமந்தித் தூரின் நடுப்பகுதி வெறுமையாகி, பச்சை முழுவதும் விளிம்புக்கு நகர்ந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதுக் குருத்து பழையதன் வெளிப்பக்கத்தில் வருவதால் இப்படி ஆகிறது. பூத்து ஓய்ந்த பிறகு முழுத் தூரையும் தோண்டி எடுத்து, விளிம்பில் வேரோடு உள்ள குருத்துகளைப் பிய்த்துத் தனித்தனியே நடுங்கள், நடுவில் உள்ள கட்டையை மக்கு உரக் குழியில் போடுங்கள். பிய்த்த ஒவ்வொன்றும் மரபணு அளவில் அதே செடி. நண்பருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, பத்துத் தோட்டங்களில் அது பூத்துக்கொண்டிருக்கும்போது, எது தாய்ச்செடி என்று யாராலும் காட்ட முடியாது. முதலில் நட்ட தண்டு எப்போதோ மக்கி மண்ணாகியிருக்கும்.