ஓய்வூதியம் உதவித்தொகை ஆகாது

அரசு ஊழியர் பென்ஷன் நியாயமா என்று பேச்சு கிளம்பினாலே, யாராவது அதை 'ஓய்வுக்கால உதவித்தொகை' என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வாரமும் படித்தேன். பொறுக்கவில்லை.

பென்ஷன் லத்தீன் வழி வந்தது. அங்கே அதன் பொருள் எடைபோட்டுக் கொடுப்பது, அதாவது சேர வேண்டியதைச் செலுத்துவது. தமிழில் ஓய்வு, ஊதியம். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்னும் குறளில் ஊதியம் போட்ட முதலின் ஆதாயம். பிறகு சம்பளத்தையும் குறித்தது. இரண்டு பொருளும் இங்கே பொருந்தும். முதல் என்பது உழைப்பு.

உதவி அப்படியல்ல. கொடுப்பவர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முந்தைய தலைமுறை 'உபகாரச் சம்பளம்' என்றது. அதில் உபகாரம் இருந்தாலும் கூடவே சம்பளமும் இருந்தது. உதவித்தொகை என்று எழுதுகிறவர்கள் சம்பளத்தை எடுத்துவிட்டு உபகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, செய்த பணிக்குத் தருவது என்று 1982-லேயே, ஓய்வு பெற்ற அரசு அதிகாரி நகாரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்த டிசம்பர் 17-ஐத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை ஓய்வூதியப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனோம். "உதவித்தொகை வாங்க வந்தவங்க அந்தப் பக்கம் போங்க" என்றார் ஊழியர். அப்பா நகரவில்லை. "நான் வேலை பார்த்த காசு தம்பி" என்றார்.

'ஓய்வெடுப்பவருக்கு எதற்கு ஊதியம்' என்று சொல்லைப் பிரித்துக் கேட்பவர்களும் உண்டு. ஓய்வுக்குத் தரும் ஊதியம் என்று விரிப்பதால் வரும் குழப்பம் இது. ஓய்வில் பெறும் ஊதியம் என்று விரிக்க வேண்டும். 'இல்' என்ற உருபும் 'பெறும்' என்ற சொல்லும் இடையில் மறைந்து நிற்கின்றன; இலக்கணத்தில் இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. கூலி வேலை செய்து தேய்ந்தவருக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்காக இருப்பவருடையதைப் பிச்சையாக்கிப் பேச வேண்டுமா?

சரி, 'பங்களிப்பு ஓய்வூதியம்'? தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்த திட்டம். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு. அதில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர்ந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள். மாதாமாதம் எதுவும் வரவில்லை. மாதம் வராத ஒன்றுக்கு ஓய்வூதியம் என்று பெயர் வைத்ததும் இதே மாதிரி பொருந்தாத மொழிபெயர்ப்புதான். ஓய்வுக்காலச் சேமிப்பு என்று எழுதியிருந்தால், சேர்ந்த நாளிலேயே அவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.