சோனார்: பெயரும் விரிவும் தமிழும்

நீருக்கடியில் இருப்பதை ஒலியைக் கொண்டு கண்டறியும் கருவி சோனார். 'சவுண்ட் நேவிகேஷன் அண்டு ரேஞ்சிங்' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. 1942இல் ஹார்வர்டின் நீரடி ஒலி ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த ஃபிரெடெரிக் ஹன்ட், 'ரேடார்' என்ற பெயரோடு ஓசையில் இணையட்டும் என்றுதான் இச்சொல்லை உருவாக்கினார். விரிவு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பிரிட்டிஷ் கடற்படை இதே கருவியை அதற்கு முன்பிருந்தே 'ஆஸ்டிக்' என்றது. அந்தப் பெயரின் கதை இன்னும் வேடிக்கை. 1939இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் பொருள் கேட்டபோது, முதல் உலகப்போர்க் காலத்து 'நேச நாடுகளின் நீர்மூழ்கி கண்டறிதல் ஆய்வுக் குழு'வின் முதலெழுத்துகள் அவை என்று கடற்படைத் தலைமையகம் பதில் சொன்னது. அப்படியொரு குழு இருந்ததற்கான ஆவணம் எதுவும் பின்னர் கிடைக்கவில்லை! நீர்மூழ்கி எதிர்ப்புப் பிரிவின் ஏ.எஸ்.டி. என்ற எழுத்துகளோடு, 'சூப்பர்சானிக்ஸ்' (மீயொலிக்கு அன்றைய பெயர்) என்பதன் வாலான 'இக்ஸ்' என்பதைச் சேர்த்த மறைபெயர் என்பதே நம்பும்படியான விளக்கம். கருவியின் உயிர்நாடியான குவார்ட்ஸ் படிகத்துக்கும் 'ஆஸ்டிவைட்' என்று பெயர் சூட்டி மறைத்திருக்கிறார்கள்.

குவார்ட்ஸ் எதற்கு? டைட்டானிக் மூழ்கி இரண்டே ஆண்டில், 1914இல், வானொலி முன்னோடியான ரெஜினால்ட் ஃபெஸ்ஸென்டன் நீரில் ஒலியனுப்பி சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பிடித்துவிட்டார். ஆனால் அவருடைய ஒலி ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ். நீரில் அதன் அலைநீளம் 3 மீட்டர். கருவியின் முகமோ அதைவிடச் சிறியது. ஒலி எல்லாப் பக்கமும் பரவியதால் பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. கற்றையாக அனுப்பக் குறுகிய அலை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட மீயொலி வேண்டும். பிரான்சில் இயற்பியலாளர் பால் லாஞ்செவின், மாறும் மின்னழுத்தத்தால் அதிரும் குவார்ட்ஸைக் கொண்டு அதைச் சாதித்து, 1918 தொடக்கத்தில் நீர்மூழ்கியின் எதிரொலியைக் கேட்டார். பிரிட்டனில் கனடியரான ராபர்ட் பாயில் அதே வழியில் வேலை செய்தார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பிற்பாடு ஒட்டிய விரிவை மொழிபெயர்த்து 'ஒலிவழிச் செலுத்த வீச்சறிதல்' என்று கட்டினால் வாயிலும் நுழையாது, பொருளும் விளங்காது. கருவி செய்யும் வேலையைப் பார்ப்போம். ஒலியனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும் ஆக்டிவ் வகைக்கு 'எதிரொலிமானி' பொருந்தும். பாசிவ் வகை ஒலி எழுப்புவதே இல்லை, எதிரியின் இயந்திர ஓசையை ஒட்டுக்கேட்கிறது. அதை எதிரொலிமானி என்பது தவறு, 'நீரொலிகேட்பி' எனலாம். அதன் காதாகிய ஹைட்ரோஃபோனுக்கு, மைக்கை ஒலிவாங்கி என்று நாம் சொல்லும் வழியிலேயே 'நீரொலிவாங்கி' என்பது நன்றாக அமைகிறது. இரண்டு வகைக்கும் பொதுப்பெயராகச் சோனாரே இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்திலேயே அது ஓசைக்காகப் பிறந்த பெயர்தானே.