நிலம் பார்க்கச் சித்திரையில் வாருங்கள்

வங்கியின் விவசாயக் கடன் பிரிவில் 24 வருடம் இருந்தேன். பெரும்பகுதி திருப்பூரைச் சுற்றியுள்ள காங்கேயம், தாராபுரம், பல்லடம் வட்டாரம். ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். "சார், ஊர்ப்பக்கமே வந்துடலாம்னு இருக்கோம். ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டா பொழைச்சுக்கலாமில்ல?" கேட்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். வேலை போயிருக்கும், அல்லது போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அப்பாரு (தாத்தா) காலத்தில் வெள்ளகோவில் பக்கம் காடு இருந்தது என்று ஒரு பழைய தொடர்பும் சொல்வார். இந்தப் பக்கம் விளைநிலத்தைத்தான் காடு என்போம்.

அப்படி வந்த ஒரு தம்பதி, ஒரு கார்த்திகை மாதம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்கள். அன்று காலைதான் தரகர் அவர்களுக்கு மூலனூர் பக்கம் ஓர் இடம் காட்டியிருந்தார். "அவ்வளவு பச்சைங்க சார்!" என்றார் அந்தப் பெண். கணவர் எக்செல் கணக்கைக் காட்டினார். மூன்று ஏக்கர் முருங்கை, இரண்டு மாடு. பன்னிரண்டு மாதக் கட்டங்களிலும் ஒரே தொகை. நான் ஏப்ரல் கட்டத்தில் விரலை வைத்து, "இந்த மாசம் இந்தப் பணம் எங்கிருந்து வருதுங்க?" என்று கேட்டேன். "முருங்கைதான் வருஷம் பூரா காய்க்குமே?" என்றார்.

மரம் காய்க்கும்தான். கார்த்திகை, மார்கழியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும்போது மரத்தில் காய் இருக்காது. பங்குனி, சித்திரையில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாது. மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் மூட்டையைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துக் கட்டங்களில் நிரப்பியது பெங்களூர்ச் சம்பளப் பழக்கம். இங்கே நிலம் மாதச் சம்பளம் கொடுக்காது.

இந்தச் சீமையின் மழைக்கணக்கு அப்படி. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்று. ஐப்பசியும் கார்த்திகையும் பெய்தால்தான் உண்டு. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், இந்த வட்டாரத்துக்கு 600-ஐச் சுற்றித்தான். அதனால் மானாவாரிக் காட்டில், அதாவது மழையை மட்டும் நம்பிய நிலத்தில், ஈரம் நிற்பது சுமார் 90 முதல் 110 நாள். அதற்குள் முடிகிற பயிர்களைத்தான் நம் முன்னோர் வைத்தார்கள். கம்பு 80 நாள், எள் 85, சோளமும் கொள்ளும் 100 சொச்சம். தை பிறந்து அறுப்பு முடிந்தால் அடுத்த எட்டு மாதம் காடு சும்மா கிடக்கும்.

"வாய்க்கால் பாசனம் இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதற்கும் முறை உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம் 3.77 லட்சம் ஏக்கர், அதை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு மண்டலம் என்று மாற்றி மாற்றி விடுவதால், உங்கள் காட்டுக்குத் தண்ணீர் வருவது ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதுவும் சில சுற்றுகள்தான். கீழ்பவானி சற்றுத் தாராளம் என்றாலும் அங்கேயும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் திறந்தால் ஒரு பாதிக்கு நெல், ஜனவரியில் திறந்தால் மறுபாதிக்குக் கடலை, எள். அடுத்த வருடம் இடம் மாறும். இதைத் தரகர் சொல்லமாட்டார். "கேனல் பக்கத்துல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். "அணைக்கட்டுப் பக்கத்துல" என்பது அதைவிட மோசம். வெள்ளகோவில் பக்கத்து வட்டமலைக்கரை அணை எத்தனையோ வருடம் தண்ணீரே இல்லாமல் கிடந்தது.

ஆழ்துளைக் கிணறு பற்றிச் சொல்ல என் தவறு ஒன்றையே சொல்கிறேன். 2013-இல் ஒரு இளைஞருக்கு போர், சொட்டுநீர், தென்னை என்று கடனுக்குப் பரிந்துரை எழுதினேன். நான் போய்ப் பார்த்தது மார்கழி மாதம். போரில் தண்ணீர் தாராளமாக வந்தது, மனதுக்குத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி அறிவித்தார்கள். அந்தச் சித்திரையில் மறுபடி போனபோது மரங்களின் மட்டை குடை மடங்கினாற்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். போர் பார்க்கப் போனால் சித்திரையில் போவேன். மோட்டாரை ஓடவிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அரைமணி நேரத்தில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் அந்தப் போரை நம்ப முடியாது, வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

சரி, அப்புறம் எப்படித்தான் இங்கே இத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன?

ஊதியூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவருக்கு ஒன்பது ஏக்கர், அதில் ஆறு ஏக்கர் கொறங்காடு. கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரங்களுக்கு அடியில் கொழுக்கட்டைப் புல்லை விட்டுவைத்திருக்கிற மேய்ச்சல் காடு. ஒரு மழை போதும், புல் தழைத்துவிடும். "ஏனுங்க சார், எங்கய்யன் காலத்துல இருந்து பண்ணையத்த மட்டும் நம்பி இந்தப் பக்கம் யாருங்க இருந்தாங்க?" என்று திருப்பிக் கேட்டார். சாளையின், அதாவது காட்டு வீட்டின், சுவரில் நாள்காட்டி தொங்கியது. கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் கம்பியில் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சில் எழுத்து: பால் எத்தனை லிட்டர், பால் சொசைட்டியில் என்ன டிகிரி (பாலின் தரம்). நடுநடுவே "குட்டி 2 வித்தது". சனிக்கிழமைத் தாள்களில் மட்டும் "ம.சம்." என்றிருந்தது. மருமகள் சம்பளம். வேனில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். மூத்த மகன் காற்றாலையில் பராமரிப்பு வேலை. அந்தக் கத்தையை முழுக்கப் புரட்டியும் வெள்ளாமைப் பணம் என்று நான் பார்த்தது நான்கே தாள்தான்.

இதுதான் நான் இடம்பெயர்ந்து வருகிறவர்களிடம் சொல்வது. முதலில் வேலையைப் பிடியுங்கள். வாடகைக்கு ஒரு வீடு பார்த்து ஒரு முழு வருடம் இருங்கள். நிலம் அதற்கப்புறம்.

வேலை எங்கே என்று தேட வேண்டுமென்றால், வறட்சி எதை வளர்த்திருக்கிறது என்று பாருங்கள். வெயில் காய்வதால்தான் காங்கேயத்தைச் சுற்றி இத்தனை தேங்காய்க் களங்கள். தை முதல் புரட்டாசி வரை களத்தில் பருப்பு காயும், மழை வந்தால் களம் ஓய்ந்துவிடும். அந்த ஓய்வு மாதங்களில்தான் காட்டில் விதைப்பும் களையெடுப்பும் நடக்கும். கூலி வேலை செய்கிற குடும்பங்களுக்கு இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற ஏற்பாடு. மழைக்குப் பதிலாகக் கணவாய் அனுப்பிய காற்றுதான் உடுமலை, தாராபுரம், பல்லடத்தில் காற்றாலைகளாகச் சுற்றுகிறது. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்து, உயரத்துக்குப் பயப்படாத பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டு. நெல் அதிகம் விளையாத காங்கேயத்தில் அரிசி ஆலைகள், வெள்ளகோவிலில் எண்ணெய் ஆலை, பல்லடம், சோமனூரில் விசைத்தறி, சென்னிமலையில் பெட்ஷீட் நெசவு, பெருந்துறையில் சிப்காட். எல்லாவற்றுக்கும் மேலே திருப்பூர்.

நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் பார்த்தவரை சீக்கிரம் கிடைப்பது கணக்கு வேலைதான். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்து, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யத் தெரிந்து, நம்பிக்கையான ஆளாக இருந்தால் ஆலைக்காரர்கள் விடமாட்டார்கள். சம்பளம் பெங்களூரில் வாங்கியதில் பாதிகூட இருக்காது. அதைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்கள் நிலத்தைப் பார்க்காமலே திரும்பிப் போவது நல்லது. திருப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சம்பளம் பேசுவது ஷிப்ட் கணக்கில். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். வீடு முப்பது கிலோமீட்டரில் இருந்தால் அதற்குமேல் தோட்டம் பார்க்க நேரம் எது?

கோழிப்பண்ணை பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் நகரத்து ஆட்கள் அதில்தான் முதலில் விழுகிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், ஆள் உங்களுடையது. ஆறேழு வாரத்தில் பிடித்துக்கொண்டு போய், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருவார்கள். மாதாமாதம் வருமானம் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு குஞ்சுத் தொகுதிக்கு நடுவில் எத்தனை நாள் கொட்டகை காலியாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு கரண்ட் போனால் என்ன ஆகும் என்று, ஏற்கெனவே கொட்டகை வைத்திருப்பவரிடம் போய்க் கேளுங்கள். கடன் வாங்கிக் கொட்டகை போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

வேலை தேடும் விதமும் வேறு. விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே ஆலைக் கேட்டில் "ஆட்கள் தேவை" என்று ஒரு பலகை, பேக்கரியில் ஒரு பேச்சு. பேக்கரியை லேசாக நினைக்காதீர்கள். காலை ஆறரைக்குக் காங்கேயத்தில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நின்றால், எந்த ஆலையில் கணக்காளர் நின்றுவிட்டார் என்பது ஏழு மணிக்குள் தெரிந்துவிடும். "நீங்க எந்த ஊருங்க, யாரு மகன்?" என்ற கேள்வி வரும். சிலருக்கு அது உறுத்தும். எனக்குமே சில சமயம் உறுத்தியிருக்கிறது, அதற்குள் சாதி விசாரணையும் ஒளிந்திருக்கும். தெரிந்தே வாருங்கள்.

நிலம் வாங்கும் கட்டம் வந்தால், வில்லங்கச் சான்றும் பட்டாவும் எல்லோரும் பார்ப்பார்கள். கூடவே மூன்று விஷயம் கேளுங்கள். கிணறு முழுதும் உங்களுக்கா, பங்கா? பங்கு என்றால் மோட்டார் முறை எந்த நாள்? இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவில் போகும் தடம்) வண்டித்தடப் பாத்தியதை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? வாய்க்கால் நிலம் என்றால் எந்த மண்டலம், கடைமடையா, கடைசியாகத் தண்ணீர் வந்தது எப்போது? இலவச மின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிற கிணற்றுக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை, புது இணைப்புக்குக் காத்திருப்பு வருடக்கணக்கில் போகும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதற்கான சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகம் நடக்க வேண்டியிருக்கும், நடங்கள்.

அந்தத் தம்பதி அன்று முன்பணம் கொடுக்காமல் கிளம்பினார்கள். தரகருக்கு என்மேல் கோபம். இப்போது அந்தக் கணவர் வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்குப் பார்க்கிறார், அந்த அம்மா வீட்டிலிருந்தே பழைய கம்பெனிக்குப் பகுதிநேர வேலை செய்கிறார். வாடகை வீடு, வாசலில் ஒரு மாடு. போன வாரம் கணவர் போன் செய்தார். கார்த்திகையில் பார்த்த அதே காட்டை, பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் தனியாகப் போய்ப் பார்த்தாராம்.

"என்னங்க, எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"அடையாளமே தெரியலைங்க சார். ஆனா வேலியோரம் கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு நின்னுச்சு. அந்த மூணு ஏக்கரையும் கொறங்காடா விட்டா எத்தனை ஆடு தாங்குமுங்க?"